உலோகச் சீவல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பண்ணைத் தொழில் புரிவோரும், கட்டடம் கட்டுவோரும், தச்சரும், கால்நடை வளர்ப்போரும் பெரிதும் விரும்பி வாங்கும் ஊர்தி ஒன்று உண்டு. அதன் முற்பகுதி காரினைப் போன்றது. ஓட்டுநரும் உடன் செல்வோரும் அமர்வதற்கு உரிய அறையை உடையது. பிற்பகுதியோ மேற்கூரை இல்லாத திறந்த தொட்டி. இதனைப் பிக்கப் என்று வழங்குவர். வைக்கோற் கட்டுகளையும் மரப் பலகைகளையும் தொட்டியில் ஏற்றிச் செல்வதோடு, குதிரைகளை ஏற்றிய கூண்டு வண்டியையோ படகு ஏற்றிய வண்டியையோ பின்னால் பூட்டி இழுத்துச் செல்லுதலும் இதன் பணியாகும். அந்நாட்டில் ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவு மிகுதி. ஆதலின் இடைவழியில் நின்றுபோகாமையே இவ்வண்டிக்கு முதற்பெருமையாகக் கருதப்படுகிறது.

டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த சான் அந்தோனியோ நகரில், ஜப்பானியரின் டொயோட்டா நிறுவனம் 'டன்ட்ரா' என்னும் பெரிய பிக்கப் வண்டியைச் செய்து வருகின்றது. 1999இல் முதன்முதல் விற்பனைக்கு வந்த இவ்வண்டி, நெடுநாள் உழைக்கும் தன்மைக்குப் பெயர் பெற்றது. 2012ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், ஓய்வு பெற்ற 'எண்டெவர்' விண்கலம் லாஸ் ஏஞ்சலிஸ் நகர வீதிகளின் வழியே காட்சிக்கூடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டபோது, நெடுஞ்சாலையின் மேலமைந்த பாலம் ஒன்றினை அது கடக்குமாறு இழுத்துச் சென்றது ஒரு டன்ட்ரா வண்டியே. சக்கரங்களின் மேல் அமர்ந்த பாரத்தை மெல்ல இழுத்தல், அப்பாரத்தைச் சுமத்தலைவிடப் பன்மடங்கு எளிது என்பது பௌதிகம் பயில்வோர் அறிந்ததே. எனினும் கண்டோர் வியந்தனர். 2007ஆம் ஆண்டு மாதிரி வண்டி ஒன்று 10 லட்சம் மைல் ஓடி முடித்ததும், 2016இல் அந்நிறுவனமே அதனை ஆராயும் பொருட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இத்துணைப் பெயர் பெற்ற வண்டியின் எஞ்சின், 2022ஆம் ஆண்டு மாதிரியில் முற்றும் மாற்றப்பட்டது. அதற்கு முன் அதில் எட்டுச் சிலிண்டர்களும் 5.7 லிட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சின் இருந்தது. அதன் இடத்தில் ஆறு சிலிண்டர்களும் ஏறத்தாழ 3.4 லிட்டர் கொள்ளளவுமே உடைய புதிய எஞ்சின் அமர்ந்தது. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும், புகையைக் குறைக்க வேண்டும் என்னும் சட்டங்கள் ஆண்டுதோறும் இறுகி வந்தமையே இம்மாற்றத்திற்குக் காரணம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினுக்கு ஈடாக உழைப்பது எவ்வாறு? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணே போகாமல், 'டர்போ' என்னும் சிறு காற்றாடியைச் சுழற்றுகின்றது. அக்காற்றாடியோடு ஒரே தண்டில் பொருந்திய மற்றொரு காற்றாடி, புறக்காற்றை அழுத்திச் சிலிண்டர்களுக்குள் செலுத்துகின்றது. காற்று மிகுந்தால் அதற்கு ஏற்ப எரிபொருளும் மிகுதியாக எரியும். டன்ட்ராவின் எஞ்சினில் இத்தகைய டர்போக்கள் இரண்டு உள்ளன. இவற்றின் துணையால் அதன் உயர்ந்த முறுக்கு விசை, பழைய பெரிய எஞ்சினுடையதைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுந்தது. ஏறத்தாழ 5,400 கிலோகிராம் வரை பாரம் இழுக்கும் திறனும் வண்டிக்கு வாய்த்தது.

எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் சாலையைச் சென்று சேர்வதற்குள் ஒரு நீண்ட வழியைக் கடக்கின்றது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைக் கிராங்குத் தண்டு சுழற்சியாக மாற்றுகின்றது. அச்சுழற்சி கியர்ப் பெட்டியினுள் புகுந்து, வேண்டிய வேகத்திற்கும் விசைக்கும் ஏற்ப மாறி, நீண்ட தண்டு ஒன்றின் வழியே பின் அச்சினை அடைந்து, அங்கிருந்து சக்கரங்களைத் திருப்புகின்றது. இவ்வழி முழுவதையும் ஒரு சங்கிலியாகக் கருதலாம். புதிய டன்ட்ரா வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் இச்சங்கிலியின் மூன்று கண்ணிகளிலும் குறைகள் வெளிப்பட்டன.

முதற்குறை பின் அச்சில் தோன்றியது. அச்சுத் தண்டினை அதன் கூட்டோடு பிணைத்து நிற்கும் நட்டுகள், வண்டி ஓட ஓடத் தளர்ந்து கழன்று விழக்கூடும் என்பது 2022இல் அறியப்பட்டது. அவை விழுந்தால் தண்டு பிரியும். வண்டி நிலை தடுமாறும். பிரேக்கின் வலிமையும் குன்றும். ஏறத்தாழ 46,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. நட்டுகளை மீண்டும் முறையாக இறுக்குதலும், பழுதுற்ற இடத்தில் உறுப்பினைச் செப்பனிடுதலும் இதற்குப் பரிகாரமாயின.

இரண்டாவது குறை கியர்ப் பெட்டியில் இருந்தது. தானே கியர் மாற்றும் இப்பெட்டியினுள் கிளச்சுகள் பல எண்ணெயின் அழுத்தத்தால் பற்றியும் விடுபட்டும் இயங்குகின்றன. ஓட்டுநர் கியரை 'நியூட்ரல்' நிலைக்குக் கொணர்ந்தால், அவை உடனே விடுபட்டு எஞ்சினையும் சக்கரங்களையும் பிரித்துவிட வேண்டும். சில வண்டிகளில் அவ்வாறு உடனே விடுபடவில்லை. சமதரையில் பிரேக்கினை மிதியாமல் நிறுத்திய வண்டி, மெல்ல முன்னோக்கி ஊர்ந்தது. வேகம் சிறிதே எனினும், எதிரில் ஒருவர் நின்றால் தீங்கு நேரும் அன்றோ? 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டன்ட்ராவும் அதனோடு உறவுடைய பிற மாதிரிகளுமாக ஏறத்தாழ 2,80,000 வண்டிகள் இதன் பொருட்டு அழைக்கப்பட்டன.

இவ்விரண்டும் எளிதில் தீர்ந்தன. மூன்றாவது குறை எஞ்சினின் உள்ளேயே இருந்தது, அதுவே பெரிது.

புதிய வண்டிகள் சிலவற்றில், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினிலிருந்து தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. சிலவற்றில் எஞ்சின் சீரின்றித் துடித்தது. நிறுத்திய பின் மீண்டும் கிளம்ப மறுத்தவையும் உண்டு. எல்லாவற்றினும் கொடியது, விரைவுச் சாலையில் செல்லும்போதே எஞ்சின் நின்றுவிடுதல். பின்னால் பாரவண்டி ஒன்றைப் பூட்டிக்கொண்டு மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, திடீரென உந்துவிசையை இழந்தால், பின்தொடரும் ஊர்திகள் அதன்மேல் மோதக்கூடும். சாலையோரத்தை அடைவதற்குள் ஓட்டுநருக்குக் கிடைக்கும் காலம் சில வினாடிகளே. 2024ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், 2022, 2023ஆம் ஆண்டு மாதிரிகளைச் சேர்ந்த டன்ட்ரா வண்டிகளையும், அதே எஞ்சினைக் கொண்ட லெக்சஸ் வண்டிகளையும் சேர்த்து ஏறத்தாழ 1,02,000 வண்டிகளை டொயோட்டா திரும்ப அழைத்தது. எஞ்சினைக் கடைந்து உருவாக்கியபோது உண்டான உலோகச் சீவல்கள் முற்றும் நீக்கப்படாமல் உள்ளே தங்கியிருக்கக்கூடும் என்பதே அறிவிக்கப்பட்ட காரணம்.

பல ஆயிரம் கிலோகிராம் இழுக்கும் எஞ்சினை ஒரு சிறு சீவல் நிறுத்திவிடுவது நம்புதற்கு அரியது போலத் தோன்றும். கிராங்குத் தண்டு எதன்மேல் சுழல்கின்றது என்பதை அறிந்தால் இவ்வியப்பு நீங்கும். அத்தண்டினைத் தாங்குவன பேரிங்குகள். சைக்கிள் சக்கரத்தில் உள்ளவை போல் இவற்றில் எஃகுக் குண்டுகள் இல்லை. பிறை வடிவாக வளைந்த மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு சேர்ந்து ஒரு வளையமாகித் தண்டினைச் சூழ்ந்து நிற்கின்றன. தண்டிற்கும் தகட்டிற்கும் இடையே விடப்படும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குகளே. மெல்லிய தலைமயிரின் பருமனோடு ஒப்பிடத்தக்கது. அந்த இடைவெளியில் மசகெண்ணெய் ஓடுகின்றது. எஞ்சின் இயங்கும் வரை தண்டு உலோகத்தைத் தொடுவதில்லை, எண்ணெயின்மேல் மிதக்கின்றது.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையுடையது. 1883இல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்பவர், இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளைச் சோதித்து வந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை இட்டார். அச்சுச் சுழலத் தொடங்கியதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் அத்துளையின் வழியே மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் துளையை அடைத்தார்; தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்தார், அதுவும் நில்லாது வெளிவந்தது. பின்னர் அவ்விடத்தில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தியபோது, தாங்கியின்மேல் பரவிய பாரத்தின் சராசரி அழுத்தத்தினும் மிகுந்த அழுத்தம் எண்ணெயில் இருந்தது தெரிந்தது. சுழலும் அச்சு, தன்னோடு ஒட்டிய எண்ணெயைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்துச் செல்கின்றது. அங்கு நெருக்குண்ட எண்ணெய், ஆப்பு நுழைந்தாற்போல அச்சினைத் தூக்கி நிறுத்துகின்றது. 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் அறிஞர் இதற்குரிய கணிதத்தை வகுத்தார். இன்றைய எஞ்சின்களின் பேரிங்குகள் யாவும் அக்கணிதத்தின் வழியே அமைக்கப்படுகின்றன.

தகட்டின் உட்புறத்தில் மென்மையான உலோகம் பூசப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. 1839இல் ஐசக் பாபிட் என்னும் அமெரிக்கர் வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட மென்கலவை ஒன்றைத் தாங்கிகளுக்குப் பயன்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். நுண்ணிய தூசு எண்ணெயோடு வந்தால், அது மென்கலவையினுள் புதைந்துவிடும். கடினமான தண்டு கீறல் படாமல் தப்பும். கலவைகள் பலவாறு மாறிய பின்னும் இவ்வுத்தி மாறவில்லை. ஆயினும் விழுங்குவதற்கு ஓர் அளவு உண்டு. பூச்சின் பருமனைவிடப் பெரிய சீவல் முழுதும் புதையாது. அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சுழலும் தண்டினை உளி போல அராவும். அராவிய இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழியும். படலம் கிழிந்த இடத்தில் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து சூடேறும். சூட்டினால் மென்பூச்சு உருகிப் பரவும், இடைவெளி விரியும், விரிந்த இடைவெளியில் தண்டு அடித்துக்கொள்ளும். முன்னர்க் கூறிய தட்டும் ஓசை இதுவே. முடிவில் தண்டும் தகடும் பற்றிக்கொண்டால் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

சீவல் எங்கிருந்து வந்தது? எஞ்சினின் உடலாகிய பெரிய வார்ப்பில் எண்ணற்ற துளைகள் இடப்படுகின்றன. குளிர்நீர் செல்லவும், எண்ணெய் செல்லவும், திருகாணிகள் பொருந்தவும் அவை வேண்டும். துளை இடும் தோறும் சுருள் சுருளாகவும் ஊசி போலவும் சீவல் உதிர்கின்றது. ஒரு துளை மற்றொரு துளையைச் சந்திக்கும் மூலையில் பிசிறும் ஒட்டி நிற்கும். விசையோடு நீரைப் பாய்ச்சியும் காற்றை ஊதியும் இவற்றை வெளியேற்றுவது தொழிற்சாலைகளின் வழக்கம். ஆனால் வளைந்தும் குறுக்கிட்டும் செல்லும் குறுகிய எண்ணெய் வழிகளின் மூலை முடுக்குகளைக் கண்ணால் காண இயலாது. கழுவுதலில் சிறிது தவறினாலும் ஒரு சீவல் அங்கே தங்கிவிடும்.

எண்ணெயை வடிகட்டும் கருவி எஞ்சினில் உண்டே, அது இச்சீவலைத் தடுக்காதா என்னும் வினா எழுவது இயல்பு. அடித்தொட்டியிலிருந்து பம்பினால் ஏற்றப்படும் எண்ணெய், முதலில் வடிகட்டியைக் கடந்து, அதன் பின்னரே பேரிங்குகளுக்குச் செல்கின்றது. சீவல் அடித்தொட்டியில் கிடந்தால் வடிகட்டி பிடித்துக்கொள்ளும். வடிகட்டிக்கும் பேரிங்கிற்கும் இடைப்பட்ட வழியிலேயே அது தங்கியிருந்தாலோ, தூய எண்ணெயே அதனை நேரே பேரிங்கிற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாயிற்காவலன் விழித்திருந்தும் வீட்டினுள் முன்னரே ஒளிந்திருந்த கள்வனை அவன் என் செய்வான்?

வேறு எஞ்சின்களிலும் ஓரிரு சீவல்கள் தங்கி, யாதொரு தீங்கும் விளையாமல் போயிருக்கக்கூடும். இவ்வெஞ்சினின் அமைப்பினால் பேரிங்குகளின்மேல் விழும் அழுத்தம் மிகுதி என்பதையும் நிறுவனத்தின் அறிக்கை குறிப்பிட்டது. டர்போவின் துணையால் ஒவ்வொரு சிலிண்டரும் வலிமையோடு வெடிக்கின்றது. நிமிடத்திற்கு 2,000 முறை தண்டு சுழலும்போது, ஆறு சிலிண்டர்களிலும் சேர்த்து ஒரு வினாடிக்கு 100 வெடிப்புகள் நிகழ்கின்றன. ஒவ்வொன்றும் தண்டினைப் பேரிங்கின்மேல் அறைகின்றது. பாரம் மிகுந்து, எண்ணெய்ப் படலம் மெலிந்து நிற்கும் வேளையிலே சீவல் தன் வேலையைக் காட்டுகின்றது. ஆகவேதான் சில வண்டிகள் வாங்கிய சின்னாளிலும், சில பல ஆயிரம் மைல் ஓடிய பின்னும் பழுதுற்றன. பல பழுதுறவே இல்லை. எந்த வண்டியில் சீவல் உண்டு, எதில் இல்லை என்பதைப் புறத்தே நின்று அறிய வழியில்லை.

இதுவே பரிகாரத்தையும் கடினமாக்கிற்று. நட்டினை இறுக்குவது போலவோ, கிளச்சின் இயக்கத்தைத் திருத்துவது போலவோ இதனைத் தீர்க்க இயலாது. ஒவ்வோர் எஞ்சினையும் பிரித்து, வழிகளைத் துருவிப் பார்த்து, மீண்டும் சேர்ப்பதைவிட எஞ்சினையே மாற்றுதல் மேல் என்று 2024 ஜூலைத் திங்களில் டொயோட்டா முடிவு செய்தது. அமெரிக்காவில் 1966இல் இயற்றப்பட்ட வண்டிப் பாதுகாப்புச் சட்டமும், 1974இல் அதில் செய்யப்பட்ட திருத்தமும், இத்தகைய குறையை உற்பத்தியாளர் கட்டணமின்றி நீக்கித் தரவேண்டும் என விதிக்கின்றன. ஓசையின்றி நன்றாக ஓடும் வண்டியினின்றும் எஞ்சினைக் கழற்றிப் புதியது பொருத்துதல் பெருஞ்செலவே. எனினும் நெடுஞ்சாலையில் எந்த நாளில் எந்த எஞ்சின் நிற்கும் என்று அறியாத நிலையில், வேறு நேர்மையான வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் பலருடைய மனத்தை உறுத்தியது. மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கலப்பு வகை டன்ட்ரா வண்டிகள் இவ்வழைப்பில் சேர்க்கப்படவில்லை. எஞ்சின் நின்றாலும் மின்மோட்டார் சிறிது தொலைவு வண்டியை நகர்த்தும்; ஆதலின் விபத்துக்கு இடம் குறைவு என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கில் அது பொருந்தும். ஆனால் எஞ்சின் பழுதுற்ற வண்டியின் உரிமையாளருக்கு அது போதிய ஆறுதல் ஆகுமா? பின்னர் 2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், 2024ஆம் ஆண்டு மாதிரிகள் வரை உள்ளிட்ட மேலும் ஏறத்தாழ 1,27,000 வண்டிகள் அதே காரணத்திற்காக அழைக்கப்பட்டன. முதல் அழைப்போடு எல்லை முடிந்தது என எண்ணியிருந்தோர் ஏமாற்றமடைந்தனர்.

இக்குறை டொயோட்டாவுக்கே உரியது என்று கருதுதல் முறையன்று. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 6.2 லிட்டர் எஞ்சின் கொண்ட செவர்லே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா முதலிய வண்டிகளுள் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ ஆறு லட்சத்தைத் திரும்ப அழைத்தது. கிராங்குத் தண்டின் அளவுப் பிழையும் மேற்பரப்பின் சொரசொரப்பும் ஒருபுறம். எண்ணெய் வழிகளில் தங்கிய கசடு மற்றொருபுறம். அங்கும் பேரிங்கே பழுதுற்றது. சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு, முன்னையதைவிடக் கெட்டியான எண்ணெய் ஊற்றப்பட்டது. கெட்டியான எண்ணெய் தடித்த படலத்தைத் தரும் என்பதே இதன் கருத்து. நீரொத்த மெல்லிய எண்ணெயால் எரிபொருள் சிறிது மிச்சமாகும், படலமோ மெலியும். இவ்விரண்டனுள் எதற்கு எவ்வளவு இடம் தருவது என்பது இன்றைய எஞ்சின் வகுப்போரின் பெருஞ்சிக்கல்களுள் ஒன்று. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150 வண்டியில் நேர்ந்தது வேறுவகை. அங்கு, வால்வுகளைக் கடையும்போது சூடு அளவு மீறியமையால் உலோகம் மிகக் கடினமாகி, கண்ணாடி போல நொறுங்கும் தன்மை எய்திற்று. 2024இல் ஏறத்தாழ 90,000 வண்டிகள் அதன் பொருட்டு அழைக்கப்பட்டன.

வண்டி வைத்திருப்போர் பேரிங்கின் நோயை முன்னரே அறியச் சில குறிகள் உண்டு. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து எழும் கனத்த தட்டொலி, வேகத்தைக் கூட்டும்போது விரைவாகுமாயின், அது பேரிங்கின் ஓசையாக இருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் செவ்விளக்கு எரிந்தால், அடுத்த ஊர் வரை ஓட்டிச் செல்லலாம் என்று எண்ணாது, பாதுகாப்பான இடத்தில் உடனே ஒதுக்கி எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். படலம் அற்ற தண்டு சில நிமிடங்களிலேயே தன்னை அழித்துக்கொள்ளும். எண்ணெய் மாற்றும்போது, வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் இட்டு வெயிலிற் பார்ப்பதும், கழற்றிய வடிகட்டியை அறுத்து அதன் மடிப்புகளை விரித்துப் பார்ப்பதும் தேர்ந்த மெக்கானிக்குகளின் வழக்கம். மடிப்புகளில் வெள்ளியோ செம்போ போல மின்னும் பொடி காணப்பட்டால், அது பேரிங்கின் பூச்சு. அந்த எஞ்சினை மீண்டும் முடுக்காமல் பட்டறையிலேயே நிறுத்திவைத்து, அடித்தொட்டியைக் கழற்றிப் பேரிங்கின் மூடிகளைத் திறந்து பார்ப்பர்.